மீனுக்குப் போகிற நாளில் கேட்கக் கூடாதது

எங்கள் வீட்டில் மீன் பிடிக்கப் போவதற்கு ஒரு வலை வேண்டும், ஒரு மடு வேண்டும், மலைக்குப் போகிற பஸ் வேண்டும். இவை எப்படியாவது அமைந்துவிடும். ஆனால் கிளம்பியதிலிருந்து மடுவில் வலை விழுகிற வரைக்கும் "எங்க போறீங்க?" என்று ஒருவரும் கேட்காமல் இருக்க வேண்டும். அதுதான் எங்கள் பரம்பரையையே ஆட்டி வைத்தது.

வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது எல்லா ஊரிலும் இருப்பதுதான். யாராவது கேட்டுவிட்டால் மற்றவர்கள் மனசுக்குள் திட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி விடமாட்டார்கள். கேள்வி காதில் விழுந்த இடம் எதுவாக இருந்தாலும் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வலையை இறக்கி வைத்துவிட்டு, எல்லோரும் உட்கார்ந்து ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகுதான் மறுபடி கிளம்பலாம்.

இதற்கெல்லாம் காரணம் அப்பாவின் தாத்தா. ஒரு தடவை யாரோ கேட்டும் பொருட்படுத்தாமல் மலையேறியவர், பாறையில் வழுக்கி, வலையையும் முன்பல் ஒன்றையும் மடுவில் விட்டுவிட்டு வந்தாராம். அந்த ஒரு பல்லுக்காக அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் தண்ணீர் குடித்தோம்.

எங்கள் ஊர் சந்தவாசலுக்குப் பக்கத்தில். சித்திரை மாதத்தில் ஜவ்வாது மலை ஓடைகளில் ஓட்டம் நின்று, தண்ணீர் மடு மடுவாகத் தேங்கிவிடும். அப்போது ஒரு நாள் பார்த்து, போளூரில் பஸ் மாறி, மலைப் பஸ்ஸில் ஏறி, ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் புளியந்தோப்பு அருகே இறங்கிப் பள்ளத்தில் நடக்க வேண்டும். வலையை வீசுகிற உரிமை வீட்டின் மூத்த ஆணுக்கு. தாத்தாவுக்குப் பிறகு பெரியப்பா, பெரியப்பாவுக்குப் பிறகு அப்பா. கிடைப்பது இரண்டு கை கெண்டை. அதற்காக நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் கடலையே வாரிக் கொண்டு வந்தோம் என்று நினைப்பீர்கள்.

எது கேள்வி, எது கேள்வி இல்லை என்பதைத் தீர்மானிக்க எங்களிடம் ஒரு நீதிபதி இருந்தார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. "தூரமா?" என்று கேட்டால் தப்பில்லை, அது மரியாதை. "இன்னா, மீனுக்கா?" என்றாலும் தப்பில்லை, ஏனென்றால் அவனுக்கே தெரிந்திருக்கிறது. பால்பல் விழாத குழந்தை கேட்டால் செல்லாது. இவையெல்லாம் சித்தப்பா அவ்வப்போது சொன்ன தீர்ப்புகள். எந்தக் கோர்ட்டிலும் அப்படி ஒரு கண்டிப்பான முகத்தை நான் பார்த்ததில்லை.

ஊர்க்காரர்களுக்கு இது பழகிவிட்டது. நாங்கள் வலையோடு தெருவில் இறங்கினால் டீக்கடைக்காரர் முதுகைக் காட்டுவார். எதிரே வருகிறவர்கள் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார்கள். வாய் தவறி வந்துவிடுமோ என்று அவர்களுக்கும் பயம். பஸ்ஸில்தான் ஆபத்து, ஏனென்றால் கேட்பதே கண்டக்டரின் வேலை. அதற்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுந்து நின்று, ஊர்ப் பெயரை ஓங்கிக் கத்திவிடுவார். ஏலம் கூவுகிற குரல் அது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எனக்கு அந்தக் குரலைக் கேட்டால் மானம் போகும்.

ஒரு வருஷம் புதுக் கண்டக்டர். அப்பா எழுந்திருப்பதற்குள் கேட்டுவிட்டார். பஸ் அப்போது பாதி மலை ஏறியிருந்தது. நாங்கள் குடும்பத்தோடு இறங்கினோம். கண்டக்டர் தான் என்னவோ தவறாகப் பேசிவிட்டதாக நினைத்து, இறங்கிய எங்களிடம் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டார். அப்பா அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு, எங்களைக் கூட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி நடந்தார். மறுநாள்தான் மீன்.

அம்மா இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. மீன் நாளில் மட்டுமல்ல, வருஷம் முழுக்க. அப்பா கொல்லைப் பக்கம் போனாலும் "தூரமா?" என்றுதான் கேட்பாள். இதைச் சொல்லிச் சொல்லி நான் சிரிப்பேன். அம்மாவுக்கு அதில் சிரிப்பு வராது.

எனக்குக் கல்யாணமாகிக் கலசப்பாக்கம் போன பிறகு, எண்பதுகளில் ஒரு வருஷம், அப்பாவுக்கு அடிவயிற்றின் ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வந்தது. குடல் இறங்கியிருக்கிறது, வேலூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றார் போளூர் டாக்டர். மலை ஏறக் கூடாது, பாரம் இழுக்கக் கூடாது, குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று அம்மாவிடம் தனியாகவும் சொன்னார். அம்மாவுக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. பெரியப்பாவுக்கு இதே புடைப்பு இருந்தது. அறுப்பு முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். ஒரு நாள் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே போய்விட்டார். வலை அப்படித்தான் அப்பா கைக்கு வந்தது.

அப்பாவுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். "சித்திரை மீன் ஆவட்டும், போலாம்" என்று சொல்லிவிட்டார். வழிவழியாக வந்தது, தன் காலத்தில் ஒரு வருஷம் தப்பினது என்று இருக்கக் கூடாது என்றார். "உங்க அண்ணன் மாதிரியே பேசறீங்க" என்றாள் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மீன் நாள் காலையில் அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படி தாண்டினார். பின்னால் சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள், மீனுக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த நான். அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டு, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"எங்க போறீங்க?"

தெருவே அப்படியே நின்றுவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கையிலிருந்த வேப்பங்குச்சியைக் கீழே போட்டுவிட்டார். அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவருடைய சோற்றில் அவள் மண்ணை அள்ளிப் போட்டிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். உள்ளே வந்தார். வலையை இறக்கினார். உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்தோம். கிளம்பினோம்.

"எங்க போறீங்க?"

மறுபடி உட்கார்ந்தோம், குடித்தோம். இந்தத் தடவை அப்பா கொல்லை வழியாகக் கிளம்பினார். அம்மா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த தடவை சித்தப்பா முன்வாசலில் அம்மாவைப் பேச்சில் பிடித்துவைத்திருக்க, நாங்கள் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் புகுந்தோம். அம்மா அங்கே பக்கத்து வீட்டுக்காரம்மாவை நிறுத்தியிருந்தாள். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, சாமி கும்பிடுவதுபோல் கையைக் கூப்பியபடியே கேட்டாள்.

"கேட்டுக்கினே இருந்தா அது கேள்வியாண்ணா? அண்ணி சண்டைக்கி நிக்கிறாங்க" என்று சித்தப்பா இழுத்தார். "கேள்விதான்" என்றார் அப்பா. தனக்கு எதிரான தீர்ப்பைத் தானே சொல்லிக்கொண்ட நேர்மையை இன்றைக்கும் மெச்சுகிறேன். ஆனால் குடித்த தண்ணீர் எல்லோர் வயிற்றிலும் குலுங்கியது. பிள்ளைகள் வரிசையாகக் கொல்லைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். சித்தி, "எனுக்கு மீனே வேணாம் சாமி" என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். காலை பஸ் போனது. அடுத்த பஸ்ஸுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது.

அம்மா ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அப்பாவின் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

அப்போதுதான் அப்பா எழுந்து போய்த் தலையணையைக் கிழித்தார். உள்ளேயிருந்து இலவம்பஞ்சை எடுத்து உருட்டினார். "காதுல வுழாத கேள்வி?" என்று சித்தப்பாவைப் பார்த்தார்.

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "கேள்வியே இல்லண்ணா" என்றார்.

இரண்டு பேரும் காதில் பஞ்சை அடைத்து, மேலே துண்டால் கட்டிக்கொண்டார்கள். அம்மா ஓடிவந்து முன்னால் நின்று கேட்டாள். அப்பா சிரித்தபடி தாண்டிப் போனார். அவள் கையை விரித்து, மணிக்கட்டைத் திருப்பி, எங்கே என்று ஜாடை காட்டினாள். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தன் வாயைத் தொட்டுக் காட்டி, கையைக் காட்டி, தலையை ஆட்டினார். கைக்கு வாய் கிடையாது, செல்லாது.

அம்மா தோற்றுப்போய் உட்கார்ந்துவிட்டாள். "நான் வர்ல. நீயாவது கூடப் போ. மாடு மாதிரி இழுக்க வுட்றாத" என்று என்னிடம் சொன்னாள். நான் தெருவில் போய்ச் சேர்ந்துகொண்டதும் அப்பா என் காதிலும் பஞ்சை அடைத்தார். கூட வருகிறவர் காதில் விழுந்தாலும் விழுந்ததுதானே.

மூன்று பேரும் அப்படியே போளூர் போனோம். அங்கே மலைப் பஸ்ஸில் அப்பா தன் காதுக்கே கேட்காத குரலில் ஊர்ப் பெயரைக் கூவினார். அன்றைக்கு எவ்வளவு சத்தமாகக் கூவினார் என்பது, முன் சீட்டில் கைக்குழந்தை வீறிட்டு அழுததைக் கண்ணால் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

புளியந்தோப்பில் இறங்கினோம். அந்தத் தோப்புக்குச் சொந்தக்காரர் மலைக்காரர். சாமை விதைக்கிற குடும்பம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து பழக்கம். மேட்டில் நின்றிருந்தவர் எங்களைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். நாங்களும் ஆட்டினோம். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். இந்த வருஷம் என்ன இவ்வளவு பாசம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாங்கள் பள்ளத்தில் இறங்க, அவர் வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடியபடி பின்னாலேயே ஓடிவந்தார். பாட்டுப் பாடுகிறார் என்று நினைத்தேன்.

"மடு வத்திப் பூட்ச்சுண்ணா! போவாதீங்க!" என்று அவர் கத்திக்கொண்டு வந்ததாகப் பிறகுதான் சொன்னார்.

போன மழை பொய்த்திருந்தது. மடு இருந்த இடத்தில் சேறும், நடுவே முழங்கால் அளவுக்கு ஒரு குட்டையும், குட்டை நிறைய ஒரு எருமையும் இருந்தன. அப்பா கரையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, வலைக் கயிற்றை இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். மீன் இருக்கிறதோ இல்லையோ, வலை விழுந்தாக வேண்டும், வருஷம் தப்பக் கூடாது. நான் போய்க் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு வீசினார்.

எத்தனை அழகாக விரிந்தது அந்த வலை! விரிந்து, நிதானமாக இறங்கி, எருமையின் கொம்பில் மாட்டியது.

எருமை எழுந்தது. அவசரப்படவில்லை. எதிர்க் கரையில் ஏறி, வலையைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கல்யாணப் பெண்போல மெதுவாக நடந்தது. கயிற்றின் இந்த முனையில் அப்பா. சேற்றில் சறுக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அப்பா சேற்றில் உட்கார்ந்தார். அவரும் வாயைப் பெரிதாகத் திறந்திருந்தார். அவரும் சிரிக்கிறார் என்றே நினைத்தேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன்.

என் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினேன். அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை. எங்கள் அப்பா அப்படிக் கத்துவார் என்று எனக்குத் தெரியாது.

மலைக்காரர் வந்து சேர்ந்து கயிற்றை அறுத்தார். அப்பாவைப் பாறை நிழலில் மல்லாத்திப் படுக்கவைத்து, அவர் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, காலைத் தூக்கி ஒரு கல்மேல் வைத்தோம். வயிற்றில் ஈரத்துணியைப் போட்டோம். புடைப்பு கல்லாக இறுகியிருந்தது. பெரியப்பா போன வண்டிதான் எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. பயத்தில் எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. "ஒரு மீன் இல்லாத குட்டைக்கி உயிரை வுட வந்தியாப்பா?" என்று அழுதுகொண்டே திட்டினேன். ஈரத்துணி காயக் காய நனைத்துப் போட்டோம். வெகு நேரம் கழித்து, புடைப்பு தானாக உள்ளே நழுவியது. அப்பா மூச்சு விட்டார்.

"வேலூருக்கு வர்றேம்மா. சத்தியமா வர்றேன்" என்றார்.

அவரை மலைக்காரர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினோம். மலைக்காரர் எருமையிடமிருந்து மீட்ட வலையைக் கட்டில்மேல் போட்டார். அதன் ஓரத்தில், ஈயக்குண்டுகளுக்கு நடுவே, விரல் நீளத்துக்கு ஒரு கெண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. படுத்திருந்த அப்பா அதைப் பத்திரமாக எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே பூனைக்குப் போட்டாள்.

வலி போனதும் சத்தியமும் தேய ஆரம்பித்தது. ஆனாலும் கொடுத்த வாக்கை அப்பா மீற மாட்டார். அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வழிதான். வேலூர் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சித்தப்பாவிடம், "வழியில யாரனா கேட்டுட்டா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார். யாராவது கேட்டால் திரும்பியாக வேண்டும், பஸ் போய்விடும், ஆஸ்பத்திரியில் சொன்ன நாளும் தப்பிவிடும்.

"அது மீனுக்குத்தானப்பா?" என்றேன்.

"நல்ல காரியம் எதுக்கும் பொருந்தும்" என்றார் அப்பா. சித்தப்பா வேறு வழியில்லாமல் ஆமோதித்தார்.

அன்று சாயங்காலம் அம்மா வீடு வீடாகப் போனாள். தான் கேட்கச் சொல்லி நிறுத்திவைத்த அதே பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம், கேட்டுவிடாதே என்று கெஞ்சினாள். டீக்கடைக்காரரிடம் சொன்னாள். புதிதாக மாற்றலாகி வந்த போஸ்ட்மேனிடம் சொன்னாள். அவருக்குக் காரணம் புரியவில்லை, ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

காலையில் அப்பா பையோடு கிளம்பினார். அம்மாவும் நானும் கூட. சித்தப்பா பஸ் ஏற்றிவிட வந்தார். அப்பா வாசலில் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். கேட்க மாட்டாளா என்று, மழைக்காக வானத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

தெருவில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்றார், இருமினார், பையைக் கை மாற்றினார். ஒவ்வொருவராகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் மட்டும் மனசு கேட்காமல், "தூரமாண்ணா?" என்றார். அப்பா அவரைச் சபிக்கிற மாதிரி பார்த்தார். கடைசியில், ரோட்டோரம் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் குனிந்து, "நான் எங்க போறேன், தெரியுமா?" என்றார்.

"எங்க போற?" என்றது குழந்தை.

அப்பா நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அம்மா விடுவிடுவென்று போய்க் குழந்தையின் உதட்டைத் தூக்கிச் சித்தப்பாவுக்குக் காட்டினாள். ஒரு பல்கூட விழவில்லை.

"பால்பல்லு. செல்லாதுண்ணா" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

வேலூர் பஸ்ஸில் ஏறினோம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாராம். கண்டக்டர் பின்னாலிருந்து ஒவ்வொரு சீட்டாக வந்துகொண்டிருந்தார். அப்பாவின் மூடிய இமைகள் துடிப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஊர் வாயையெல்லாம் கட்டிப்போட்ட அம்மா, கண்டக்டரை மறந்துவிட்டாள். அப்பா மறக்கவில்லை. இத்தனை வருஷமாக எந்த வாயைப் பார்த்துப் பயந்தாரோ, அந்த வாய்க்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் எங்கள் சீட்டுக்கு வந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். வாயைத் திறந்தார்.

"வேலூரு! மூணு டிக்கெட்டு!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். தெருவில் போகிறவரை உரக்கக் கூப்பிட்டுக்கூட அறியாதவள், அப்பாவின் அதே ஏலக் குரலில், அதே ராகத்தில் கூவியிருந்தாள். என் மானம் போகவில்லை. எனக்கு அழுகை வந்தது.

"கேக்கறதுக்குள்ள இன்னாமா அவசரம்?" என்றபடி கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார்.

அப்பா கண்ணைத் திறந்து அம்மாவையே பார்த்தார். "கொஞ்சம் முன்னாடியே கூவிட்ட. அவன் பென்சிலை எடுத்து எச்சி தொட்டப்புறம் கூவணும்" என்றார். அம்மாவின் கையை எடுத்துத் தன் பையின்மேல் வைத்து, வேலூர் வரைக்கும் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டு போனார்கள். கதவு மூடிய பிறகும் அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னபோதுகூடத் தலையை மட்டும்தான் ஆட்டினாள்.

மயக்கம் தெளிந்து அப்பா கண்ணைத் திறந்தார். அம்மா அவர் முகத்துக்கு அருகே குனிந்தாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"எங்க போனீங்க?" என்றாள்.

அப்பாவுக்கு எந்த இடம், எந்த நாள் என்று தெரியவில்லை. கேள்வி மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. வறண்ட நாக்கைப் புரட்டி, சலித்துக்கொண்டார்.

"கேட்டுட்ட இல்ல... தண்ணி கொண்டா."

இப்போது தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றாள் நர்ஸ். அம்மா முந்தானையின் நுனியைச் சொம்பில் நனைத்து, அவர் உதட்டில் வைத்தாள்.